எட்டு சிலிண்டர் புண்ணியமூர்த்தி

பாரிசின் ருவாசி விமான நிலையத்தில் புண்ணியமூர்த்தி ஓட்டுவது மின்சாரத்தில் ஓடும் சின்ன இழுவை வண்டி. பயணிகளின் பெட்டிகளை ஏற்றிய நாலைந்து தள்ளுவண்டிகளைப் பின்னால் கொளுவிக்கொண்டு, விமானத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே நாள் முழுக்கப் போய் வருவார். அந்த வண்டிக்கு எஞ்சின் சத்தம் கிடையாது. ஓட்டுபவர் தும்மினால் அதுதான் பெரிய சத்தம். இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்யும் மனிதர், எட்டு சிலிண்டர் எஞ்சினைத் தவிர உலகத்தில் வேறெதையும் எஞ்சின் என்று ஒப்புக்கொள்வதில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பணக்காரர் தன் பைசனைச் சரக்கு விமானத்தில் பாரிசுக்கு வரவழைத்தார். பைசன் என்பது காட்டெருமையின் பெயரை வைத்து அமெரிக்காவில் செய்கிற பெரிய பிக்கப். முன்பாதியில் ஒரு குடும்பம் இருக்கலாம், பின்பாதி திறந்த பெட்டி, தெருவில் நின்றால் ஒரு சின்னக் கடை நிற்பதுபோல இருக்கும். ஐந்து தொன் இழுக்கும் என்று பெயர் வாங்கிய அந்த வாகனம் தட்டில் வைத்துக் கட்டப்பட்டு இறங்கியது. அதை இழுத்துக்கொண்டு போனது புண்ணியமூர்த்தியின் மின்சார வண்டி. இதிலிருந்த வேடிக்கை அவருக்கு அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. பணக்காரரின் சாரதி வந்து திறப்பைத் திருப்பியதும் சரக்குக் கூடத்தின் தகரச் சுவர்கள் அதிர்ந்தன. புண்ணியமூர்த்திக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது.

"அண்டைக்குத்தான் நான் முதன்முதலா எஞ்சின் சத்தம் கேட்டனான்" என்று பிற்காலத்தில் சொல்லுவார். வன்னியில் உழவு இயந்திரங்களுக்கு நடுவே வளர்ந்தவர் நீங்கள் என்று யாராவது நினைவூட்டினால், "அது இரைச்சல். இது வேறை" என்பார்.

வீடு பாரிஸ் புறநகரான ஓல்னே-சூ-புவாவில், ஐந்தாம் மாடி. மனைவி தவநாயகி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறார். வீட்டில் ஒரு சின்னக் கார் உண்டு. அதைப் பெரும்பாலும் தவநாயகிதான் ஓட்டுவார். புண்ணியமூர்த்தி பக்கத்து இருக்கையில் இருந்து, முன்னால் போகும் வாகனங்களின் வடிவமைப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டு வருவார். தவநாயகி பச்சை விளக்கைக் கவனிப்பார்.

கருத்துகள் காருக்குள் அடங்காமல் பெருகியபோது அவர் யூடியூபில் ஒரு சானல் தொடங்கினார். பெயர் 'புண்ணியம் பிக்கப்'. அதில் அவருடைய முகம் வராது. அமெரிக்கக் கம்பனி வெளியிட்ட படங்கள் ஓட, பின்னால் அவருடைய குரல் மட்டும் வரும். நல்ல குரல். கோயில் திருவிழாவில் அறிவித்தல் சொல்லப் பழகிய குரல். கனடாவிலும் சுவிசிலும் நோர்வேயிலும் ஆட்கள் கேட்டார்கள். பிறகு வாட்சப்பில் 'ஐரோப்பியத் தமிழ் பிக்கப் ஒன்றியம்' உருவானது. ஒன்றியத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், கொடி எல்லாம் இருந்தன. பிக்கப் மட்டும் ஒருவரிடமும் இல்லை. சுவிசில் இருந்த ஒருவர் பால் வண்டி ஓட்டினார். ஒன்றியத்தில் அவருக்குத் தனி மரியாதை.

விமான நிலையத்தில் அவர் ஒரு மஞ்சள் மேற்சட்டை, அவ்வளவுதான். பதினைந்து வருடம் ஒன்றாக வேலை செய்த ஆட்களே அவருடைய பெயரைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் கலைமாறனின் தேநீர்க்கடைக்குள் நுழைந்தால், "புண்ணியம் அண்ணை, புதுசு ஏதும் கேள்விப்பட்டனீங்களோ?" என்று இரண்டு பேராவது கதிரையை இழுத்துப் போடுவார்கள். தவநாயகி மரக்கறி வாங்கி முடிக்கும்வரை அவர் அங்கே ஒரு பெரிய மனிதர்.

அப்படி இருக்கும்போதுதான் கம்பனிக்காரன் பைசனைப் புதிதாக வடிவமைத்துப் படங்களை வெளியிட்டான். ஒன்றியத்தில் இழவு விழுந்தது. முகம் மாறிவிட்டது. அதைவிட மோசம், எட்டு சிலிண்டர் போய் ஆறு வந்துவிட்டது.

புண்ணியமூர்த்தி ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வீடியோ செய்தார்.

"வணக்கம் உறவுகளே. ஒரு வாகனத்துக்கு முகம் எண்டு ஒண்டு இருக்கவேணும். இதைப் பாருங்கோ. பல்லுக்கட்டின மனிசன் கொட்டாவி விட்ட மாதிரிக் கிடக்கு. கண் இருக்கவேண்டிய இடத்திலை புருவம். கண்ணைக் கொண்டுபோய் நாடியிலை வைச்சிருக்கிறாங்கள். சரி, முகத்தை விடுவம். எஞ்சின்? எட்டைக் கழட்டிப்போட்டு ஆறை வைச்சு, ரெண்டு டேர்போ பூட்டியிருக்காம். உறவுகளே, எட்டு இல்லாத பைசன் பைசன் இல்லை. அது மாடு."

கடைசிச் சொல் காட்டுத்தீயாகப் பரவியது. ரொறன்ரோவில் யாரோ அதை ரீசேட்டில் அச்சடித்தார்கள். தவநாயகி மட்டும் குசினிக்குள் இருந்து கேட்டுவிட்டு, "மாட்டை ஏன் குறைச்சுக் கதைக்கிறியள்? அது பாலாவது தரும்" என்றார்.

எதிர்ப்பு லாசரிடமிருந்து வந்தது. லாசர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்கத் தபால் இலாகாவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் மடித்த சால்வையுமாகத் தேநீர்க்கடைக்கு வருவார். பிக்கப்பை அவரும் நேசித்தார். ஆனால் அவர் நேசித்தது எண்களை. குதிரைவலு, இழுவைத்திறன், நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லீட்டர் எசான்ஸ், அதாவது பெற்றோல், எல்லாம் மனப்பாடம்.

"எகூத், கேளுங்க மூர்த்தி" என்றார் லாசர். "நம்பரைப் பாருங்க. பழசைவிடப் புதுசு ஜாஸ்தி இழுக்குது. எசான்ஸ் கம்மியா குடிக்குது. வொலா, இதுக்கு மேல என்னங்க வேணும் உங்களுக்கு?"

"ஐயா, கணக்குப் பாத்து ஆரும் பிக்கப்பிலை ஆசைப்படுறேல்லை. அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ளை கேக்கவேணும்."

"நெஞ்சுக்குள்ள சத்தம் கேட்டா டாக்டரைப் பாக்கணும், மூர்த்தி."

கடை சிரித்தது. புண்ணியமூர்த்தி சிரிக்கவில்லை. அன்றோடு ஒன்றியம் இரண்டாக உடைந்தது. எட்டுக்காரர் ஒரு குழு, ஆறுக்காரர் ஒரு குழு. இரண்டு குழுவும் அறிக்கை விட்டன. இரண்டுமே தாங்கள்தான் உண்மையான ஒன்றியம் என்றன. கொடி யாருக்கு என்பது இன்றுவரை தீரவில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்து இன்னும் விசாவுக்கு அலைந்துகொண்டிருந்த கலைமாறனிடம், நீ எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்டார். "எனக்கு மெட்ரோ போதும் அண்ணன்" என்று அவர் வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்தக் கலவரத்திலெல்லாம் வாய் திறக்காத உறுப்பினர் ஒருவர் இருந்தார். பெயர் ஜோன்சன். பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் கலியாண வீடுகளுக்கு மணவறை அலங்காரம் செய்யும் தொழில். ஒன்றியத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒரு கருத்தும் சொன்னதில்லை. கட்டைவிரலைக்கூட உயர்த்தியதில்லை. அவர்தான் ஒரு நாள் புண்ணியமூர்த்திக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, புதுப் பைசன் ஒண்டு இறக்கிப்போட்டன். ஞாயிற்றுக்கிழமை லாச்சப்பலுக்குக் கொண்டுவாறன். நீங்கள்தான் முதல் வீடியோ செய்யவேணும்."

புண்ணியமூர்த்தி போனை மற்றக் காதுக்கு மாற்றினார். "எட்டோ ஆறோ, தம்பி?"

ஜோன்சன் சிரித்தார். "வந்து கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்கோவன்."

விரும்பிக் கேட்கிறவர்களுக்குக் கம்பனிக்காரன் இரகசியமாக எட்டும் பூட்டிக் கொடுக்கிறான் என்று எட்டுக்காரர் மத்தியில் ஒரு வதந்தி இருந்தது. வதந்தியைத் தொடங்கியவர் சுவிஸ் பால் வண்டிக்காரர், ஆகையால் யாரும் சந்தேகப்படவில்லை. ஜோன்சனின் சிரிப்பை வைத்துப் புண்ணியமூர்த்தி முடிவெடுத்துவிட்டார். முதல் தடவையாகத் தன் முகத்தைக் காட்டி நேரலையில் வருவதாக அறிவித்தார். மகளின் பட்டமளிப்புக்குத் தைத்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஞாயிறு மத்தியானம் பைசன் ரூ பிலிப்-து-ஜிராருக்குள் திரும்பியது. திரும்பியது என்று சொல்வதைவிட நுழைந்து இறுகியது என்று சொல்வது சரி. ஒரு பக்கக் கண்ணாடி நகைக்கடை ஜன்னலில் முகம் பார்த்தது, மற்றப் பக்கக் கண்ணாடி நிறுத்தியிருந்த கார்களை உரசப் பார்த்தது. பின்னால் வாழைக்குலை ஏற்றி வந்த வான் ஹோர்ன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னும் நாலு வாகனம். யாருக்கும் கவலை இல்லை. இரண்டு குழு ஆட்களும் ஓடி வந்து வாகனத்தைச் சுற்றிக்கொண்டார்கள்.

ஒரு கணத்தில் கருத்துகள் உருகின. பல்லுக்கட்டு என்று எழுதியவர் கிரில்லைத் தடவி, "நேரிலை பாத்தா ஒரு கம்பீரம்தான்" என்றார். கண் நாடியில் இருக்கிறது என்று ஆறு மாதமாகக் கேலி செய்தவர், அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து செல்பி எடுத்தார். ஜோன்சன் இறங்க வழியில்லாமல் கதவைக் கொஞ்சம் திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிப் பாராட்டுகளை ஏற்றுக்கொண்டார்.

அதே தெருவில் குடியிருக்கும் ஆரெலி என்ற பிரெஞ்சுப் பெண், பின் இருக்கையில் குழந்தையை வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்தார். போக வழியில்லை. இறங்கி நின்று வாகனத்தை மேலும் கீழும் பார்த்தார். கோபம் எதுவுமில்லாமல், உண்மையாகவே அறிய விரும்பி, "இது எதற்கு?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

பிக்கப்பைப் பற்றி நாலு மணித்தியாலம் நிறுத்தாமல் பேசக்கூடிய அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் ஜோன்சன்தான் உள்ளேயிருந்து பதில் சொன்னார்: "பூ ஏற்ற, மதாம்."

ஆரெலி தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் தூக்கி நடைபாதையில் வைத்து உருட்டிக்கொண்டு போனார்.

புண்ணியமூர்த்தி போனைக் கலைமாறனிடம் கொடுத்து நேரலையைத் தொடங்கினார். "உறவுகளே, இப்ப தம்பி ஸ்டார்ட் பண்ணப்போறார். ஆரும் கதைக்காதேங்கோ. எஞ்சின் கதைக்கட்டும்." பிறகு ஜன்னல் வழியே தலையை உள்ளே விட்டுக் கண்ணை மூடினார். லாசரும் விட்டுக்கொடுக்காமல் மற்றப் பக்க ஜன்னலால் தலையை நீட்டினார்.

ஜோன்சன் பொத்தானை அழுத்தி, வாகனத்தை நகர்த்தாமல் காலால் மிதித்தார். அடிவயிற்றில் இருந்து எழும்பியது போன்ற உறுமல். புண்ணியமூர்த்தியின் மூடிய கண்ணிலிருந்து உண்மையாகவே நீர் வந்தது.

"எட்டு" என்றார் அவர். "உறவுகளே, இது எட்டு. நான் சாகிற நேரத்திலை இந்தச் சத்தத்தைக் காதுக்குள்ளை விட்டாலும் எட்டெண்டு சொல்லுவன்."

"கிடையாது" என்றார் லாசர் மறுபக்கத்திலிருந்து. "நடுவுல மெல்லிசா ஒரு விசில் வருது கேளுங்க. அதான் டேர்போ. சுத்தமான ஆறு. என்ன அழகான விசில்."

"விசில் உங்கடை காதுக்குள்ளை ஐயா."

"எஞ்சின் மூடியைத் திறங்கப்பா, சிலிண்டரை எண்ணிடுவோம்."

மூடி திறந்தது. இருபது தலைகள் உள்ளே குனிந்தன. உள்ளே கறுப்பு நிறத்தில் பெரிய பிளாஸ்டிக் தட்டு ஒன்று எல்லாவற்றையும் மூடியிருந்தது. நடுவில் பைசன் தலை பொறித்திருந்தது. அதைத் தவிர எண்ணுவதற்கு எதுவுமில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் அந்தத் தட்டை அறிவோடு பார்த்தார்கள். "நல்ல பினிஷிங்" என்றார் ஒருவர்.

பின்னாலிருந்து ஹோர்ன் சத்தம் பொறுக்க முடியாமல் ஜோன்சன் வாயைத் திறந்தார். "அண்ணை, ஐயா, சண்டை பிடிக்காதேங்கோ. எஞ்சின் ஆறுதான். ஆனா நீங்கள் கேட்டது எஞ்சின் இல்லை. அது ஸ்பீக்கர்."

"என்ன ஸ்பீக்கர்?"

"உள்ளுக்கை பதினாலு ஸ்பீக்கர் கிடக்கு. வேண்டின சத்தத்தைப் போடலாம். பாருங்கோ." இருவருடைய தலைகளும் மறுபடி ஜன்னல்களுக்குள் வந்ததும் அவர் திரையைத் தொட்டார். உறுமல் நின்றது. எங்கோ தூரத்தில் தையல் மெசின் ஓடுவதுபோல ஒரு சின்ன முனகல் மட்டும் கேட்டது. "இதுதான் எஞ்சின். இப்ப 'பாரம்பரியம்' எண்டதைத் தொட்டா," உறுமல் திரும்பி வந்தது, "பழைய எட்டு."

லாசர் சிரிக்க வாயெடுத்தார். "அப்போ நான் சொன்னது சரிதானே. அந்த விசில்..."

"விசிலும் ஸ்பீக்கர்தான் ஐயா. அதைக் கூட்டிக் குறைக்கத் தனியா ஒண்டு கிடக்கு."

கலைமாறன் நல்ல பிள்ளை. போனை நிறுத்தும்படி யாரும் சொல்லாததால் நிறுத்தவில்லை. கண்ணீரும், சாகிற நேரத்துச் சபதமும், திரையைத் தொட்டதும் வந்த மௌனமும், அதற்குப் பிறகு இரண்டு ஜன்னலிலும் இரண்டு பெரிய மனிதர்களின் தலை தொங்கிக்கொண்டிருந்ததும் உலகமெங்கும் போய்ச் சேர்ந்தன.

அடுத்த சில நாளில் அவர் 'ஸ்பீக்கர் மூர்த்தி' ஆனார். விமான நிலையத்தில் மேற்பார்வையாளர் ழாக் அந்த வீடியோவைப் பார்த்தார். தமிழில் ஒரு சொல் தெரியாத அவருக்கும் அது முழுக்க விளங்கியது. புண்ணியமூர்த்தி இழுவை வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் பக்கத்து வண்டிக்காரர்கள் வாயால் உறுமினார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவருடைய பெயர் எல்லோருக்கும் முழுதாகத் தெரிந்திருந்தது. அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

சானலை மூடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்கால் நோகிறது என்றார். தவநாயகி தனியாக லாச்சப்பலுக்குப் போய் வந்தார். வீட்டுக்குள் ஒரு மாதிரியான அமைதி. காரில் போகும்போது முன்னால் எந்த வாகனம் போனாலும் புண்ணியமூர்த்தி ஒன்றும் சொல்வதில்லை. தவநாயகிக்கு முதல் வாரம் அது சுகமாக இருந்தது. மூன்றாம் வாரம் பயமாக இருந்தது.

கோடை முடியும் நேரத்தில் ஜோன்சன் போன் எடுத்தார். பைசனை விற்றுவிட்டாராம். எந்தக் கலியாண மண்டபத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்குள்ளும் அது நுழையவில்லை. திறந்த பெட்டியில் ஏற்றிய மணவறைப் பூக்கள் ஒரு தடவை மழையில் ஊறின, இன்னொரு தடவை காற்றில் பறந்து நெடுஞ்சாலையில் மூன்று கிலோமீட்டருக்குப் பூ. வாங்குகிறவர் பெல்ஜியத்துக்காரர், லில் நகரத்தில் வந்து எடுத்துக்கொள்வார்.

"எனக்குக் கலியாணச் சீசன் அண்ணை, நேரமில்லை. நீங்கள் ஓட்டிக்கொண்டுபோய்க் குடுக்கிறியளோ? அண்டைக்கு நடந்ததுக்கு எனக்கும் மனம் சரியில்லை."

புண்ணியமூர்த்தி மாட்டேன் என்று சொல்லப் போனார். தவநாயகி கையிலிருந்த கரண்டியோடு போனை வாங்கி, "ஓம் தம்பி, வருவார்" என்று சொல்லி வைத்தார். பிறகு கணவரிடம், "லாசர் ஐயாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அந்த மனிசனும் கடைப்பக்கம் வாறேல்லையாம். வீட்டிலை குந்தியிருந்து ரீவி பாக்குதாம்" என்றார்.

"அவரோ? அவரோடை எனக்கென்ன கதை?"

"உங்கள் ரெண்டு பேரோடையும் வேறை ஆருக்கும் கதை இல்லை. அதுதான் சொல்லுறன்."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இருவரும் கூசேன்வில்லில் ஏறினார்கள். லாசர் சால்வையோடு வந்திருந்தார். ஏறுவதற்கு ஜோன்சன் முக்காலி கொண்டுவந்து கொடுத்தார். புண்ணியமூர்த்தி வாகனத்தை நெடுஞ்சாலைக்குத் திருப்பினார். பிறகு லாசர் மெதுவாகத் திரையைக் காட்டி, "போட்டுப் பாக்கலாமா?" என்றார்.

போட்டார்கள். பாரம்பரியம் போட்டார்கள், பந்தயம் என்று ஒன்று இருந்தது, அதையும் போட்டார்கள். விசிலைக் கூட்டினார்கள். இரண்டு பேரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் லாசர் எல்லாவற்றையும் நிறுத்தினார்.

தையல் மெசின் முனகலோடு வாகனம் போனது. ஒரு ஏற்றத்தில், முன்னால் ஊர்ந்த பெரிய லொறியை முந்தப் புண்ணியமூர்த்தி மிதித்தார். பைசன் அலட்டிக்கொள்ளாமல், ஒரு வார்த்தை சொல்லாமல், தூக்கிக்கொண்டு போனது. அவருடைய முதுகு இருக்கையில் அழுந்தியது. அந்த அமைதியான இழுவை அவருக்குக் கைக்குப் பழகியதாக இருந்தது. நல்லாத்தான் இருக்கிறது என்று நினைத்தார். நினைத்த உடனே பக்கத்தில் பார்த்தார், லாசருக்குக் கேட்டுவிட்டதோ என்று. லாசர் வெளியே வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது.

லில்லில் பெல்ஜியத்துக்காரர் திறப்பை வாங்கியதும் முதல் வேலையாகப் பாரம்பரியத்தைத் தொட்டார். உறுமலோடு போனார். இருவரும் ரயில் ஏறினார்கள். ரயில் நகர்ந்து கொஞ்ச நேரத்தில் லாசர் சால்வையைச் சரிசெய்தார்.

"மூர்த்தி, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நம்பர் எல்லாம் சரியா இருக்கு. ஆனா உள்ள உக்காந்தா ஒண்ணுமே இல்லைங்க. மிக்ஸியில உக்காந்து போன மாதிரி இருந்தது. எட்டா இருந்திருக்கணும்."

புண்ணியமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன ஐயா விசர்க்கதை கதைக்கிறியள்? அந்த லொறியை வெட்டி எடுத்தது தெரியேல்லையோ? பெற்றோல் முள்ளு அசையவே இல்லை. எட்டெண்டால் அரைவாசி தாங்கி முடிஞ்சிருக்கும்."

"எசான்ஸ் கணக்கு பாத்து யாருங்க பிக்கப் மேல ஆசைப்படுவாங்க?"

"கணக்குப் பாக்காமல் என்ன ஆசை?"

குரல்கள் உயர்ந்தன. எதிரே இருந்த பெண் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டார். பிறகு எழும்பி வேறு பெட்டிக்குப் போனார். பாரிசில் கார் து நோர் ரயில் நிலையம் வந்ததும் இறங்கி, வாக்குவாதத்தை நிறுத்தாமல் லாச்சப்பல் வரை நடந்தார்கள். அன்று செவ்வாய் என்பது கடைக்குள் நுழைந்த பிறகுதான் நினைவு வந்தது. ஆனாலும் தேத்தண்ணி குடித்தார்கள்.

அந்த வாரமே புண்ணியமூர்த்தி சானலைத் திறந்து, தான் ஓட்டிப் பார்த்ததைச் சொன்னார்: சத்தம் ஸ்பீக்கர், எஞ்சின் நல்லது, பூ ஏற்ற உதவாது. அவர் செய்த வீடியோக்களிலேயே உண்மையானது அதுதான். எட்டுக்காரர், இவர் ஜோன்சனிடம் விலைபோய்விட்டார் என்று அறிக்கை விட்டு, இவருடைய தலைவர் பதவியை, இப்போது எட்டுக்காக வாதாடும் லாசருக்குக் கொடுத்தார்கள். ஆறுக்காரர், நேற்றுவரை மாடு என்றவரை எப்படிச் சேர்ப்பது என்று கூட்டம் போட்டு, சேர்க்கவில்லை. இதற்கிடையில் இளைய உறுப்பினர்கள், சிலிண்டர் எத்தனையாவது இருக்கட்டும், ஸ்பீக்கரில் பாரம்பரியம் சிறந்ததா பந்தயம் சிறந்ததா என்ற கேள்வியில் தனித்தனியாகப் பிரிந்தார்கள்.

புண்ணியமூர்த்தி மனம் தளரவில்லை. 'உண்மை பிக்கப் ஒன்றியம்' என்று புதிதாக ஒரு குழு தொடங்கினார். இப்போதைக்கு அதில் இரண்டு உறுப்பினர். தலைவர் அவர். மற்றவர் தவநாயகி. தன் சம்மதமில்லாமல் சேர்க்கப்பட்டதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் மூன்று, மாலையில் நாலு என்று தலைவரின் கருத்துகள் வந்து விழுகின்றன. தவநாயகி எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கரட் வெட்டப் போகிறார்.